கூர்ப்புப் பாடத்தில் ‘கொள்’ செய்யும் குளறுபடி

“சூழல் மாறியபோது விலங்குகள் அதற்கேற்பத் தம்மை மாற்றிக்கொண்டன. இதுவே கூர்ப்பு எனப்படும்.”

கொழும்பில் தமிழ்மொழி மூலம் உயிரியல் படிக்கும் பிள்ளைகளின் கொப்பிகளைப் புரட்டினால் இந்த வசனமோ இதன் ஒன்றுவிட்ட சகோதரமோ அடிக்கடி கண்ணில் படும். ரியூசனில் கொடுக்கும் ரியூட்டிலும் கிடக்கும். எழுத்துப் பிழை இல்லை, சந்திப் பிழை இல்லை. விஞ்ஞானம் மட்டும் பிழை. 1809 இல் லாமார்க் சொன்னதற்கு (ஓர் உயிர் தன் வாழ்நாளில் பெறும் மாற்றம் பிள்ளைகளுக்குக் கடத்தப்படும் என்ற கருத்து) கிட்டிய ஒன்றை எழுதி, அடியில் டார்வினின் பெயரைப் போட்ட கதை.

கூர்ப்பை, அதாவது பரிணாமத்தை, கற்பிக்க என்ன தடை என்று கேட்டால் பலரும் உடனே சமயத்தைக் கைகாட்டுவார்கள். சமயத்துக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் நம் வாய்க்குள்ளேயே குடியிருக்கும் தடையைப் பார்த்துவிடலாம்: ‘கொள்’ என்ற துணைவினை.

‘மாறின’ என்றால் மாற்றம் நடந்தது, அவ்வளவுதான். ‘மாற்றிக்கொண்டன’ என்றால் யாரோ தெரிந்து, தன் நன்மைக்காகச் செய்த வேலை. சட்டையை மாற்றிக்கொண்டான், பார்த்துக்கொள், வைத்துக்கொள் என்று நாள் முழுக்கப் பேசுகிறோம். எல்லாவற்றிலும் எண்ணமுள்ள ஓர் ஆள் உள்ளே நிற்கிறார். அந்த ஆளை அப்படியே தூக்கி ஒரு வண்டுக்குள்ளோ பற்றீரியாவுக்குள்ளோ வைத்துவிடுகிறது இந்தத் துணைவினை. ‘மாறிக்கொண்டிருக்கிறது’ என்ற தொடர்வினையில் சிக்கலில்லை, அங்கே ‘கொள்’ காலத்தைத்தான் காட்டுகிறது. ‘தம்மைத் தகவமைத்துக்கொண்டன’, ‘எதிர்ப்பை வளர்த்துக்கொண்டன’, ‘கழுத்தை நீட்டிக்கொண்டது’ ஆகியவைதான் தொல்லை. இதற்கு ஒரு கூட்டாளியும் உண்டு: ‘-க்காக’. “பறப்பதற்காகச் சிறகு தோன்றியது” என்று எழுதும் பிள்ளை, சிறகு வருவதற்கு முன்பே பறக்கும் திட்டம் ஒன்று இருந்ததாக எண்ணிவிடுகிறது.

கலைச்சொற்களும் லேசுப்பட்டவை அல்ல. ‘கூர்ப்பு’ என்றதும் கூர்மையாகிக்கொண்டே போவது, மேம்படுவது என்ற நினைப்பு வருகிறது. ‘படிமலர்ச்சி’யில் ஏணிப்படி இருக்கிறது. தமிழ்நாட்டுப் புத்தகங்களின் ‘பரிணாமம்’ கொஞ்சம் நடுநிலையானது. சிங்கள மாணவர்களும் பரிணாமய என்றுதான் சொல்கிறார்கள். நம் பாடநூலில் விஞ்ஞான விளக்கத்துக்கு வைத்த பெயர் ‘கொள்கை’. கட்சிக்கும் கொள்கை இருக்கிறது. பிடித்தால் வைத்திருக்கலாம், பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம். “அது டார்வினுடைய கொள்கை, எனக்கு வேறு கொள்கை” என்று ஒரு பிள்ளை சொன்னால் தமிழ் இடம் கொடுக்கிறது என்றுதான் அர்த்தம். (கொள்கையும் ‘கொள்’ளிலிருந்து வந்ததுதான். கோட்பாடும் அதே வேரே. தப்ப முடியாது.) சொற்களை மாற்றச் சொல்லவில்லை, பரீட்சையில் இவைதான் வரும். ஆனால் முதல் பாடவேளையில் ஐந்து நிமிடம் எடுத்து, புவியீர்ப்புக் கொள்கை, கலக் கொள்கை, கூர்ப்புக் கொள்கை மூன்றையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, மூன்றிலும் ‘கொள்கை’ ஒரே பொருளில்தான் வருகிறது என்று காட்டிவிட வேண்டும். பிறகு காட்டினால் ஏறாது.

சொல்லைத் திருத்தினால் மட்டும் போதுமா? போதாது. எதுவும் ‘தன்னை மாற்றிக்கொள்ளாமல்’ ஒரு கூட்டம் மாறுவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு அரிசி போதும்.

பிள்ளைகள் பறவைகளாகி, துணியில் தூவிய பல நிற இரையைப் பொறுக்கும் ஒரு விளையாட்டு உண்டு. அதற்குப் பொதுவாகச் சொல்லப்படுவது துளைகருவியில் வெட்டிய காகிதப் பொட்டுகள். கொழும்பு வகுப்பறையில் மின்விசிறியைப் போட்டதும் பொட்டுகள் பறந்துவிடும். மின்விசிறியை நிறுத்தினால் நாற்பது பிள்ளைகள் வியர்த்துக் கொட்டும். பயறு, கௌபி, உளுந்து என்று தானியங்களைக் கலப்பதும் சரிவராது. அவற்றின் அளவு வேறு, வழுக்கும் தன்மை வேறு. எடுத்தது நிறத்தாலா பருமனாலா என்று பிரிக்க முடியாது. ஒரே அரிசிக்கு வேறு வேறு சாயம் ஏற்றினால் நிறம் மட்டுமே வேறுபடும்.

வெள்ளைப் பச்சையரிசி 50 கிராமை ஒரு பொலித்தீன் பையில் போட்டு, அரைத் தேக்கரண்டி வினாகிரி, எட்டுப் பத்துத் துளி உணவுச் சாயம் விட்டு, வாயைக் கட்டி இரண்டு நிமிடம் குலுக்கவும். பத்திரிகைத் தாளில் பரப்பிக் காயவிடவும். வெயில் நாளில் சில மணி நேரம், மழைக்காலத்தில் ஓரிரவு. ஈரத்தோடு போத்தலில் அடைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். பச்சை, சிவப்பு, மஞ்சள் என மூன்று நிறம், கூடவே கொஞ்சம் நீலம். 50 கிராமில் ஈராயிரத்துக்கும் மேல் மணிகள் இருக்கும், முழு வகுப்புக்கும் தாராளம். கீரிச் சம்பா வேண்டாம், விரலில் சிக்காது.

துணி ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர். பச்சைப் பூப்போட்ட கட்டில்விரிப்பை வெட்டினால் நல்லது. வெறும் பச்சைத் துணி உதவாது: அதில் பச்சை மணியும் நிழல் விழுந்து துலக்கமாகத் தெரியும். பின்னணி கலங்கலாக இருந்தால்தான் ஒளிவு கிடைக்கும். வகுப்பில் பாதிக் குழுக்களுக்குப் பச்சைத் துணி, பாதிக்குச் சிவப்புப் பூப்போட்ட துணி. இதை விட்டுவிடக் கூடாது. ஏன் என்பது கடைசியில் தெரியும்.

ஐந்து பேர் ஒரு குழு. நால்வர் பறவைகள், ஒருவர் கணக்குப்பிள்ளை. ஒவ்வொரு நிறத்திலும் 20 வீதம் 60 மணிகளைக் கணக்குப்பிள்ளை துணியில் தூவுகிறார். அப்போது பறவைகள் முதுகைத் திருப்பி நிற்க வேண்டும். ‘தொடங்கு’ என்றதும் ஒவ்வொருவரும் முதலில் கண்ணில் பட்ட மணியை எடுத்துத் தம் கோப்பையில் போட்டு, நிமிர்ந்து சுவரைப் பார்த்து, மறுபடி குனிந்து அடுத்ததை எடுக்க வேண்டும். ஆளுக்குப் பத்து. மொத்தம் 40 போய்விட்டது, 20 தப்பியது. தப்பியவற்றைத் துணியில் தேட வேண்டாம். கோப்பைகளில் உள்ளதை நிறவாரியாக எண்ணிக் கழித்தால் போதும். மடிப்பில் ஒளிந்திருப்பதும் தப்பியதுதான். பிறகு தப்பிய ஒவ்வொரு மணிக்கும் அதே நிறத்தில் இரண்டு ‘குஞ்சு’ சேர்க்க வேண்டும். மீண்டும் 60.

உதாரணமாக முதல் சுற்றில் பச்சை 12, மஞ்சள் 5, சிவப்பு 3 தப்பினால், இரண்டாம் தலைமுறை 36, 15, 9 என்று தொடங்கும். அதில் 15, 3, 2 தப்பினால் மூன்றாம் தலைமுறை 45, 9, 6. ஒரு சுற்றுக்கு எண்ணுவதும் நிரப்புவதுமாக ஆறு ஏழு நிமிடம் பிடிக்கும். நாற்பது நிமிடப் பாடவேளையில் மூன்று சுற்றுத்தான் முடியும். நான்காவதுக்கு ஆசைப்பட்டால் வரைபு கீற நேரமிருக்காது, வரைபு இல்லாவிட்டால் செய்ததெல்லாம் வெறும் விளையாட்டு.

எங்கே பிழைக்கும்? அள்ளுவதில். இரண்டு மூன்றைச் சேர்த்து வழித்தால் கண் தேடவில்லை, கைதான் தேடியது. நிறத்துக்கும் தெரிவுக்கும் தொடர்பு அறுந்துபோகும். சுவரைப் பார்க்கச் சொல்வது இதைத் தடுக்கத்தான். அடுத்தது, விடை தெரிந்த கெட்டிக்காரர்கள். பச்சைத்துணியில் பச்சைதான் மிஞ்ச வேண்டும் என்று தெரிந்துகொண்டு வேண்டுமென்றே சிவப்பையே எடுப்பார்கள். வேகமாகப் பத்து எடுத்தவருக்கு ஒரு டொபி என்று போட்டி வைத்துவிட்டால் நடிக்க அவகாசம் இருக்காது. யன்னலோரக் குழுவில் வெயில் பட்டு எல்லா நிறமும் பளிச்சென்று தெரியும், அவர்களை உள்ளே நகர்த்த வேண்டும்.

ஒரு குழுவில் எதிர்பாராமல் மஞ்சள் முன்னுக்கு வந்துவிட்டால் அந்த முடிவை அழிக்க வேண்டாம். அறுபதே மணிகள் உள்ள கூட்டத்தில் தற்செயலும் ஒரு பங்கு விளையாடும். சிறிய தீவில் உள்ள சிறிய கூட்டத்திலும் அப்படித்தான். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத கண்ணுள்ள பையன் ஒருவன் குழுவில் இருந்தால், பச்சைத் துணியிலும் சிவப்பு மணிகள் தப்பிவிடும். இது பரிசோதனையின் பழுது இல்லை, பொக்கிஷம். எந்த நிறம் பிழைக்கும் என்பதை இரையின் நிறம் மட்டுமா தீர்மானிக்கிறது, கொன்றுதின்னியின் கண்ணும் அல்லவா? அவனைக் கூட்டத்தின் முன் நிறுத்தி விளக்க மட்டும் வேண்டாம்.

ஒரு குழுவைக் கண்ணைக் கட்டி எடுக்கச் செய்யுங்கள். மூன்று சுற்றுக்குப் பிறகும் அவர்களுடைய எண்கள் தற்செயலாக ஏறி இறங்குமே தவிர, துணியின் நிறத்துக்கேற்ப ஒரு பக்கமாகச் சாயாது. கட்டுப்பாட்டுப் பரிசோதனை என்றால் என்ன என்று தனியாக ஒரு பாடம் எடுக்கத் தேவையில்லை.

இரண்டாம் தலைமுறையில் எல்லாக் குழுக்களிலும் ஒரு சிவப்புக் குஞ்சை எடுத்துவிட்டு நீல மணி ஒன்றை வைக்கவும். இதுதான் விகாரம், பரம்பரையில் தற்செயலாக நேரும் மாற்றம். பெரும்பாலும் அடுத்த சுற்றிலேயே யாரோ கொத்திவிடுவார்கள். யாரும் கேட்டு வாங்காமல் வந்தது, யாருக்கும் தெரியாமல் போனது. விகாரங்கள் பலவற்றின் கதை அதுதான்.

கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று.

“பிள்ளைகள், ஏதாவது ஒரு மணி நிறம் மாறினதா?”

“இல்லை மிஸ்.”

“அப்ப மாறினது என்ன?”

இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும். பிறகு பின்வாங்கில் இருந்து ஒரு குரல் “எண்ணிக்கை” என்கும். இன்னொன்று “விகிதம்” என்கும். பச்சைத்துணிக் குழுவையும் சிவப்புத்துணிக் குழுவையும் இப்போது ஒன்றாக நிறுத்தினால், ஒரே அரிசியிலிருந்து தொடங்கி இரண்டும் எதிரெதிர்த் திசையில் போயிருப்பது தெரியும். பச்சை ‘உயர்ந்தது’ என்று சொல்ல வழியில்லை. கூர்ப்பு என்ற சொல்லுக்குள் இருக்கும் ஏணி அங்கே விழுந்துவிடும்.

விளையாட்டின் குறையையும் சொல்லிவிட வேண்டும். அரிசி மணிகள் சோடி சேர்வதில்லை, குஞ்சு தாயின் அச்சு. உண்மையான கூட்டத்தில் பரம்பரையலகுகள் (ஜீன்கள்) ஒவ்வொரு தலைமுறையிலும் கலைந்து சேரும். இதை மறைத்தால் உயர்தரப் பிறப்புரிமையியல் அலகுக்கு வரும்போது பிள்ளை தடுமாறும்.

இனி உண்மை உதாரணம். ஒட்டகச்சிவிங்கியை விட்டுவிடுவோம். காட்டு ஒட்டகச்சிவிங்கி இல்லாத நாட்டில் அதன் கழுத்தை வைத்து எத்தனை காலம்தான் பாடம் நடத்துவது? இலங்கைக்கு நுளம்பு இருக்கிறது.

1934–35 மலேரியாத் தொற்றில் இந்த நாட்டில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். 1946 இல் வீடுகளுக்குள் டீ.டீ.ரீ. என்ற பூச்சிகொல்லியின் தெளிப்பு பரவலாகத் தொடங்கியது. 1963 இல் நாடு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர். வென்றுவிட்டோம் என்று தெளிப்பைக் குறைத்தார்கள். 1968–69 இல் ஐந்து இலட்சத்துக்கும் அதிகமானோருக்குக் காய்ச்சல் வந்தது. அந்தத் தொற்று மீண்டதற்குத் தெளிப்பைக் கைவிட்டதே முதற் காரணம், இதை வடிவாகச் சொல்ல வேண்டும். ஆனால் மறுபடி தெளிக்க இறங்கியபோது முன்புபோல வேலை நடக்கவில்லை. 1969 இல், மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் குலிசிபேசிஸ் நுளம்புகளில் டீ.டீ.ரீ. இற்கு எதிர்ப்பு இருப்பது தெரியவந்தது. 1970களின் நடுப்பகுதியில் மலத்தியன் என்ற வேறு பூச்சிகொல்லிக்கு மாறினார்கள். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று உறுதிப்படுத்தியது.

வீட்டில் இதற்கு ஒரு வசனம் இருக்கிறது: “நுளம்புக்கு மருந்து பழகிப்போச்சு.” அன்டிபயோட்டிக் குளிசைக்கும் அதையேதான் சொல்வோம்: “உடம்புக்குப் பழகிப்போச்சு.” இரண்டும் பிழை. மருந்து பட்ட நுளம்பு செத்துப்போனது, பழக அதற்கு நேரமே இல்லை. நஞ்சைச் சிதைக்கும் நொதியம் பிறப்பிலேயே கூடுதலாக இருந்த சில நுளம்புகள் சாகவில்லை, அவற்றின் பிள்ளைகள் பெருகின. குளிசைக் கதையிலும் மாறுவது உடம்பு இல்லை, பற்றீரியாக் கூட்டம். அரிசி விளையாட்டைச் செய்த பிள்ளைக்கு இதை விளக்க இரண்டு நிமிடம் போதும்: டீ.டீ.ரீ. தான் பறவை.

அமைப்பொத்த அங்கங்களுக்கு (வேலை வேறானாலும் ஒரே மூதாதையிடமிருந்து வந்த, அடிப்படை அமைப்பு ஒன்றான உறுப்புகள்) பாடநூல் படத்தைவிட கோழிச் செட்டை நல்லது. சந்தையில் வாங்கும்போது நுனியை வெட்ட வேண்டாமென்று சொல்ல வேண்டும். நுனியில்தான் விரல்கள் இருக்கின்றன, கடைக்காரர் வழக்கமாக அதைத்தான் முதலில் எறிவார். மஞ்சள், உப்பு எதுவும் போடாமல் அரைமணி நேரம் அவித்து, இறைச்சியைப் பழைய பற்தூரிகையால் உரசி எடுத்து, சவர்க்காரத் தூள் கலந்த இளஞ்சூட்டு நீரில் ஓரிரவு ஊறவிட்டால் என்புகள் சுத்தமாகும். வெளிறச் செய்யும் குளோரீன் திரவத்தில் போட்டால் என்பு பொருபொருத்துப்போகும். புரொயிலர் கோழியில் ஒரு சிக்கல்: ஆறு கிழமை அளவிலேயே வெட்டப்படுவதால் என்பின் முனைகள் இன்னும் கசியிழையமாக இருக்கும். கூட அவித்தால் முனைகள் கழன்று, எது எதோடு பொருந்துகிறது என்றே தெரியாது. முட்டைக்கோழியோ ஊர்க்கோழியோ கிடைத்தால் வாங்குங்கள். விலை கூட, என்பு உறுதி.

பிள்ளை தன் கையை மேசையில் வைத்து, பக்கத்தில் செட்டையை வைக்கட்டும். தோளிலிருந்து ஒற்றை என்பு, புயவென்பு. அடுத்து இரண்டு, ஆரையும் அரந்தியும். பிறகு மணிக்கட்டு, பிறகு ஒன்றாக ஒட்டிப்போன உள்ளங்கை, அதில் தனியே நீட்டிக்கொண்டிருக்கும் சிறு விரல் ஒன்று. பறக்க ஒரு கருவியைப் புதிதாக வடிவமைப்பவர் எவரும் இரண்டு முன்கை என்பும் மணிக்கட்டும் வைத்து, பிறகு விரல்களை ஒட்டி மூடியிருக்கமாட்டார். பழைய வீட்டைச் சுவரிடித்துத் திருத்திய தடயம் இது. தும்பியின் சிறகில் என்பே இல்லை. வேலை ஒன்று, தோற்றம் வேறு: அதுதான் தொழிலொத்த அங்கம். ஒரே நாளில் இரண்டு வரைவிலக்கணமும் முடிந்தது.

இப்போது சமயம்.

சாதாரண தரத்தில் சமயமும் கட்டாயம், விஞ்ஞானமும் கட்டாயம். ஒரே பிள்ளை இரண்டு வினாத்தாளும் எழுதுகிறது. கொழும்பின் தமிழ்மொழி வகுப்பில் சைவப் பிள்ளை, கத்தோலிக்கப் பிள்ளை, சிறு சபைகளுக்குப் போகும் கிறிஸ்தவப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை எல்லோரும் ஒரே வாங்கில் இருக்கலாம். ஒவ்வொருவருடைய கேள்வியும் வேறு, ஒரே மறுமொழியை எல்லோருக்கும் வீசக் கூடாது.

கத்தோலிக்கப் பிள்ளைக்குத் தன் திருச்சபையின் நிலைப்பாடே பல வேளை தெரிந்திருக்காது. மனித உடலின் தோற்றம் பற்றி ஆராய்வதை 1950 இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் தடைசெய்யவில்லை. 1996 இல் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல், கூர்ப்பு வெறும் கருதுகோளுக்கு மேலானது என்று எழுதினார். பூமிக்கு ஆறாயிரம் வயது என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இது உதவாது; அங்கே பாறையின் வயதுதான் பேசுபொருள். முஸ்லிம் பிள்ளைகள் பலருக்குத் தாவரமும் விலங்கும் மாறுவதில் சிக்கலே இல்லை, ஆதமில் வந்துதான் கேள்வி நிற்கும்.

சைவப் பிள்ளையின் ஆபத்து எதிர்ப்பு அல்ல, அளவுக்கு மிஞ்சிய உடன்பாடு. “சேர், இதை மாணிக்கவாசகர் எப்பவோ சொல்லிட்டார்!” காலைப் பிரார்த்தனையில் பாடும் சிவபுராணத்தின் ‘புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி’ என்ற அடியைத்தான் சொல்கிறது பிள்ளை. அழகான அடி. ஆனால் அங்கே பிறந்து இளைப்பது ஓர் உயிர், அதே உயிர், பிறவிக்குப் பிறவி. கூர்ப்பில் எந்த உயிரும் இன்னொன்றாவதில்லை. மாறுவது கூட்டம், தலைமுறைக்குத் தலைமுறை. மீன், ஆமை, பன்றி என்று தசாவதாரத்தை வரிசைப்படுத்துவதும் இதே கதை. கூர்மம் மச்சத்தின் பேரப்பிள்ளை என்று எந்தப் புராணமும் சொல்லவில்லையே. இந்த வேறுபாட்டைச் சொன்னால் திருவாசகத்துக்கு மரியாதை குறையாது. இரண்டையும் குழைத்தால்தான் இரண்டும் கெடும்.

ஆசிரியர் செய்யக் கூடாதவை இரண்டு. வகுப்பில் கையுயர்த்தி வாக்கெடுப்பு நடத்தக் கூடாது. ‘இரண்டு பக்கத்தையும் சொல்லுவோம், பிள்ளைகளே தீர்மானிக்கட்டும்’ என்ற நியாயமான தோற்றமுள்ள யோசனைக்கும் இடம் கொடுக்கக் கூடாது. அமெரிக்காவில் அந்த யோசனை எங்கெங்கு போனது என்பது நீதிமன்றப் பதிவுகளில் இருக்கிறது. 1925 இல் டெனசியில் கூர்ப்பு கற்பித்ததற்காக ஜோன் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்கு 100 டொலர் தண்டம். 1968 இல் அத்தகைய தடைச்சட்டங்கள் செல்லாது என்றது உயர் நீதிமன்றம்; 1987 இல், கூர்ப்பைக் கற்பித்தால் ‘படைப்பு விஞ்ஞான’த்தையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்ற லூசியானாச் சட்டமும் விழுந்தது. அதன்பின் அதே சரக்கு ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்ற புதுப் பெயரில் வந்தது. 2005 இல் பென்சில்வேனியாவின் டோவர் வழக்கில், பரிந்துரைக்கப்பட்ட பாடநூலின் பழைய வரைவுகளைத் தோண்டினார்கள். 1987 க்குப் பிறகு ‘படைப்புவாதிகள்’ என்ற சொல் ‘வடிவமைப்பு ஆதரவாளர்கள்’ என மாற்றப்பட்டிருந்தது. அவசரத்தில் வெட்டி ஒட்டிய ஓரிடத்தில் பழைய சொல்லின் தலையும் வாலும் புதிய சொல்லோடு ஒட்டியபடியே கிடந்தன. ஒரு சொல் எவ்வளவு காட்டிக்கொடுக்கும் பாருங்கள். பக்கத்து இந்தியாவில் சண்டையும் இல்லை வழக்கும் இல்லை: 2023 இல் தேசியப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு விஞ்ஞான நூலிலிருந்து பாடச்சுமை என்ற பெயரில் கூர்ப்புப் பகுதி எடுக்கப்பட்டது. 1,800 க்கும் அதிகமான விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையொப்பமிட்டு எதிர்த்தார்கள்.

வகுப்பில் பயன்படக்கூடிய கேள்வி வேறு: “எதைக் கண்டால் இது பிழை என்று ஒத்துக்கொள்வோம்?” கூர்ப்புக்கு மறுமொழி உண்டு. முலையூட்டிகள் தோன்றுவதற்கு வெகு முன்பான, கேம்பிரியன் காலத்துக்கும் முந்திய பாறையில் ஒரு முயலின் உயிர்ச்சுவடு கிடைத்தால் போதும். மீனுக்கும் நாலுகால் விலங்குக்கும் இடைப்பட்டது சுமார் 375 மில்லியன் ஆண்டுப் பாறையில் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, அந்த வயதுப் பாறையைத் தேடிக் கனடாவின் வடகோடிக்குப் போய், 2004 இல் டிக்டாலிக் என்ற உயிர்ச்சுவட்டைத் தோண்டி எடுத்தார்கள். இதே கேள்வியை எந்தப் போட்டி விளக்கத்திடமும் கேட்கலாம். ஆசிரியர் குரலை உயர்த்தத் தேவையே இல்லை.

“அப்ப தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில இருக்கிற குரங்கு ஏன் சேர் இன்னும் மனிசனாகேல்லை?” இது தவறாமல் வரும். உறவுமுறையில் பதில் சொல்லுங்கள், தமிழ்ப் பிள்ளைக்கு அது உடனே ஏறும். உன் பெரியப்பாவின் மகன் ஏன் இன்னும் நீயாகவில்லை? இருவருக்கும் அப்பப்பா ஒருவர். அவர் நீயும் அல்ல, அவனும் அல்ல. சிம்பன்சிக்கும் நமக்கும் அந்த அப்பப்பா ஆறு ஏழு மில்லியன் ஆண்டுகளுக்கு முன் இருந்தார். கொழும்பின் புறநகரில் கூரைக்குக் கூரை தாவும் ஊதாமுக மந்தி இன்னும் தூரத்து உறவு. உயர்தரப் பிள்ளையாக இருந்தால் நிறமூர்த்தக் (குரோமோசோம்) கணக்கையும் கொடுக்கலாம்: சிம்பன்சிக்கு 48, நமக்கு 46. நம் இரண்டாம் நிறமூர்த்தத்தில் இரண்டு பழைய நிறமூர்த்தங்கள் முனையோடு முனை ஒட்டிய தழும்பு இருக்கிறது.

காலத்தின் நீளத்துக்கு ஒரு பருத்தி நூல், 4 மீற்றர் 60 செ.மீ. ஒரு மில்லிமீற்றர் ஒரு மில்லியன் ஆண்டு. (நைலோன் நூல் இழுபடும், அளவு பிசகும்.) டைனோசர்களின் முடிவு இன்றைய முனையிலிருந்து 6.6 செ.மீ. சிம்பன்சியோடு பிரிந்தது 6 அல்லது 7 மி.மீ. நம் இனம் முழுவதும் 0.3 மி.மீ., பேனா முனைக் கோட்டின் தடிப்பு. யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்தது. நூலில் 5 மி.மீ. இற்கும் 2.3 செ.மீ. இற்கும் இடையில் வரும். விடுமுறைக்கு ஊருக்குப் போகும் பிள்ளையிடம் கிணறு வெட்டிய கல் ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள். சிப்பி அச்சுள்ள துண்டு கிடைத்தால், வலிகாமம் ஒருகாலத்தில் கடலடி என்பதைக் கையில் வைத்துப் பார்க்கலாம். இரத்தினபுரிப் பக்கத்து மாணிக்கக் குழிகளில் நீர்யானை, காண்டாமிருக உயிர்ச்சுவடுகள் கிடைத்திருக்கின்றன. குருவிட்டையில் கிடைத்த பற்களைக் கொண்டு 1939 இல் விலங்கியலாளர் பி. ஈ. பி. தெரணியகல ஒரு சிங்கத்தை விபரித்தார். கொடியில் மட்டுமே மிஞ்சியிருக்கும் சிங்கத்துக்குப் பல்லும் இருந்திருக்கிறது.

ஒரு மூதாதையிலிருந்து பல இனங்களாகப் பிரிந்த டார்வினின் குருவிகளைத் தேடி கலாபகோசுத் தீவுகளுக்குப் போவானேன் என்று கேட்பவர்களுக்கு, இலங்கையின் பற்றைத் தவளைகள். சூடோபிலாட்டஸ் சாதியில் எழுபதுக்கும் மேற்பட்ட இனங்கள் இந்தச் சிறு தீவில் விபரிக்கப்பட்டுள்ளன. வாற்பேத்தைப் பருவமே கிடையாது, முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளை. பல இனங்கள் ஏற்கெனவே அழிந்தும் விட்டன.

திரும்பவும் கொப்பிக்கு வருவோம். நுளம்பு பற்றிய வினாவுக்கு ‘கொள்’ இல்லாத விடை இப்படி இருக்கும்:

“டீ.டீ.ரீ. தெளிப்பதற்கு முன்பே நுளம்புக் கூட்டத்தில் வேறுபாடு இருந்தது. சிலவற்றில் அந்நஞ்சைச் சிதைக்கும் நொதியம் கூடுதலாக இருந்தது. இவ்வியல்பு பரம்பரையாகக் கடத்தப்படக்கூடியது. தெளித்தபோது ஏனையவை பெருமளவில் இறந்தன, இவை தப்பி முட்டையிட்டன. அடுத்த தலைமுறையில் எதிர்ப்புள்ளவற்றின் விகிதம் கூடியது. பல தலைமுறைகளின் பின் கூட்டத்தில் பெரும்பான்மை எதிர்ப்புள்ளவையாயின.”

வேறுபாடு, பரம்பரை, தெரிவு, விகிதம், தலைமுறை. புள்ளி கொடுக்கும் ஐந்து இடமும் இதற்குள் இருக்கின்றன. திருத்தும்போது ‘மாற்றிக்கொண்டன’வுக்குச் சிவப்பில் புள்ளடி போட்டால் பிள்ளை அடுத்தமுறை ‘மாறிக்கொண்டன’ என்று எழுதும், வேறு பயனில்லை. சொல்லை வட்டமிட்டு, ஓரத்தில் “எந்த நுளம்பு?” என்று மட்டும் எழுதிக் கொப்பியைத் திருப்பிக் கொடுங்கள்.